கலையும் கைத்தொழிலும்: கொழும்புத் தமிழ்ப் பெண்கள் சங்கங்களின் வரலாற்றில் ஒரு பிரச்சினை

பெண்களின் முன்னேற்றத்துக்கெனத் தோன்றும் சங்கங்கள் தம் நோக்கங்களை வரையறுக்கும்பொழுது பெரும்பாலும் மூன்று விடயங்களை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகின்றன: பெண்களை முன்னேற்றுதல், பண்பாட்டைப் பேணுதல், தொழில் தேடிக்கொள்வதற்கான பயிற்சியை அளித்தல். இம்மூன்றும் ஒன்றையொன்று இயல்பாகவே தழுவி நிற்பன என்பது அவ்வாக்கியத்தின் உட்கிடை. கொழும்புத் தமிழரிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தகைய சங்கங்கள் இயங்கிவந்துள்ளன. அவற்றின் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, பண்பாடு ஒரு சாராருக்கும் தொழிற்பயிற்சி வேறொரு சாராருக்குமாகப் பங்கிடப்பட்டு வந்தமையையே நாம் காண்கிறோம். இப்பங்கீடு எவ்வாறு நிகழ்ந்தது, எத்தகைய வரலாற்றுச் சூழலில் அது நெகிழ்ந்தது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரச்சினை எமது சிந்தனைக்கு வந்த வகையை முதலிற் கூறிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் நிகழ்ந்த சான்றிதழ் வழங்கும் வைபவம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அதனை நடத்திய சங்கத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. மங்கல விளக்கேற்றலைத் தொடர்ந்து வரவேற்பு நடனம் இடம்பெற்றது. ஆடியவர்கள் சங்க அங்கத்தவர்களின் புதல்வியர். பின்னர், தையற் பயிற்சியை முடித்துக்கொண்ட இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வரிசையாக மேடையேறிச் சான்றிதழ் பெற்றனர். இவர்களுட் பலர் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் வந்தவர்கள். ஆடியவர்களுள் எவரும் தையல் பயின்றவரல்லர். தையல் பயின்றவர்களுள் எவரும் ஆடியவரல்லர். இரத்மலானைக்குத் திரும்பும் பஸ்ஸில் எம்முடன் வந்த பயிற்சியாளர் ஒருவர், தாம் பிறந்த தோட்டத்தில் தம் பாட்டியார் கும்மிப் பாட்டுக்குப் பெயர்போனவர் என்றும், தமக்கும் அப்பாடல்களிற் பல பாடமென்றும் பேச்சுவாக்கிற் கூறினார். சங்கத்தாருக்கு இது தெரியுமா என வினவினோம். “அவங்க கேக்கலையே, சார்” என்றார். பண்பாட்டைப் பேணுவதைத் தன் முதல் நோக்கமாகக் கொண்ட சங்கம் அது.

கொழும்பில் தமிழ்ப் பெண்களுக்கெனத் தோன்றிய சங்கங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று 1909 ஆம் ஆண்டு உருவான தமிழ் மாதர் சங்கமாகும். அதன் தோற்றத்திற் பங்குகொண்டவர்களுள் மேரி ரட்ணம் குறிப்பிடத்தக்கவர். கனடா நாட்டிற் பிறந்து, ரொறன்ரோவில் மருத்துவம் பயின்று, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து 1896 இல் இங்கு வந்தவர் அவர். அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணிக்கெனத் தெரிவுசெய்யப்பட்டிருந்தும், தமிழரை மணந்தார் என்னும் காரணத்தால் அப்பணி அவருக்கு மறுக்கப்பட்டது. இறைவன் முன் யாவரும் சமம் எனப் போதித்தவர்கள் ஒரு திருமணத்தின் முன் தடுமாறிய கதை இது. அதன்பின் கொழும்பையே தம் களமாக்கிக்கொண்டு 1962 இல் இறக்கும்வரை அவர் இங்கு பணியாற்றினார். 1904 இல் இலங்கை மாதர் சங்கம், 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஆகியவற்றிலும் அவரது பங்களிப்பு உண்டு. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதற் பெண்மணியும் அவரே. 1958 இல் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1909 இற் சங்கத்தை அமைத்தோர் எவ்வர்க்கத்தினர் என்பதை விளங்கிக்கொள்ளாமல் அதன் நோக்கங்களை விளங்கிக்கொள்ள முடியாது. குடியேற்ற ஆட்சியின் நிருவாகத் தேவைகள் யாழ்ப்பாணத்து வேளாளக் குடும்பங்களிலிருந்து ஆங்கிலங் கற்ற எழுதுவினைஞரையும் மருத்துவரையும் சட்டத்தரணிகளையும் கொழும்புக்கு ஈர்த்தன. அவர்களது மனைவியர் 1824 இல் நிறுவப்பட்ட உடுவில் மகளிர் பாடசாலை போன்ற மிஷன் பள்ளிகளிற் கற்றவர்கள், அல்லது அக்கல்வியைக் கண்டு ஏங்கியவர்கள். ஊரிலே நிலமும் உறவும் கோயிலும் அவர்களுக்குரிய இடத்தை வரையறுத்திருந்தன. கொழும்பின் வாடகை வீட்டில் அவ்வரையறை இல்லை. கணவனின் சம்பளமே குடும்பத்தின் ஒரே வருவாயாக, மனைவியின் உழைப்பு உற்பத்தியிலிருந்து முற்றாக விலகிநின்றது. இந்நிலையில் ‘நாம் யார்’ என்னும் வினாவுக்கு விடையாகப் பண்பாடும், ‘நாம் என்ன செய்வது’ என்னும் வினாவுக்கு விடையாகச் சமூகசேவையும் அமைந்தன. தமிழ்ப் பெண்களுக்குத் தொழிற்கல்வியும் வேண்டும், தமிழ்க் கலைகளும் மீளவேண்டும் என்று இச்சங்கம் கருதியது இவ்வாறே. காலப்போக்கில் இவற்றுள் வேரூன்றி நிலைத்தது எது என்பதை வெள்ளவத்தையிலுள்ள கலாலயம் காட்டும். இச்சங்கத்தின் இசை நடனப் பள்ளியான அது தலைமுறை தலைமுறையாக மாணவியரை அரங்கேற்றி வருகிறது. தொழிற்கல்வி பற்றிய பேச்சு அத்துணை உறுதியான கட்டடம் எதனையும் பெறவில்லை.

நடனம் பற்றி ஈண்டுச் சற்று விரிவாகவே பேசவேண்டியுள்ளது. இன்று மத்தியதர வர்க்கப் பெண்ணின் பண்பாட்டு அணிகலனாக விளங்கும் பரதம், முன்னொரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட சமூகப் பெண்களின் தொழிலாக இருந்தது. தமிழகத்தில் தேவதாசியரும், யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் என வழங்கிய குழுக்களின் பெண்களும் ஆடிப் பிழைத்தவர்கள். ஆறுமுக நாவலர் தொடக்கம் சீர்திருத்தவாதிகள் பலர் கோயிலில் அவர்களது ஆட்டத்தைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. அப்பெண்கள் நிலவுடைமையாளரின் சுரண்டலுக்கு உட்பட்டிருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் நிகழ்ந்தது யாது? தமிழகத்தில் 1935 இல் ருக்மிணி தேவி மேடையேறியமையும், 1936 இல் கலாக்ஷேத்திரம் நிறுவப்பட்டமையும், 1947 இற் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையைத் தடைசெய்தமையும் ஒரே அசைவியக்கத்தின் படிகள். கலை காப்பாற்றப்பட்டது, அக்கலையால் வாழ்ந்த பெண் தன் தொழிலை இழந்தாள். அவளிடமிருந்து பெறப்பட்டது தொழில் என்னும் தன்மை நீக்கப்பட்டுப் ‘பண்பாடு’ ஆயிற்று. கொழும்புச் சங்கங்கள் இவ்வாறு தூய்மையாக்கப்பட்ட வடிவத்தையே சுவீகரித்துக்கொண்டன. கலையையும் தொழிலையும் பிரித்துநோக்கும் மனப்பாங்கு நடனத்தின் வரலாற்றிலேயே பொதிந்துகிடக்கிறது என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம். நடனம் கற்பிப்பது தவறென்பது எமது கருத்தன்று.

மேரி ரட்ணம் பிறந்த நாட்டை இவ்விடத்தில் நோக்குவது பயனுடைத்து. கனடாவின் அத்திலாந்திக் கரையோரத்தில், நோவா ஸ்கோஷியா, நியூ பிறன்ஸ்விக், பிறின்ஸ் எட்வேட் தீவு முதலான மாகாணங்கள் அமைந்துள்ள நிலப்பரப்பின் பூர்வீகக் குடிகளாகிய மிக்மாக் மக்களிடையே, பிர்ச் மரப்பட்டையில் முள்ளம்பன்றி முட்களைச் சாயமிட்டுக் கோத்து அழகிய பேழைகளை உருவாக்கும் கலை உண்டு. அது பெண்களின் கலை. நிலத்தையும் வேட்டைக்காட்டையும் ஐரோப்பியர் கைப்பற்றிக்கொண்ட பின்னர், 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் மிக்மாக் பெண்கள் இப்பேழைகளை வந்தேறிகளுக்கு விற்றனர். ஆஷ் மரச் சீவல்களாற் கூடை முடைந்து, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கும் விற்றனர். கூடை அவர்களுக்கு மரபுரிமையாக இருந்தது. அன்றாட உணவும் அதிலிருந்தே வந்தது. கலை வேறு, தொழில் வேறு என்னும் பாகுபாட்டுக்கு அங்கு இடமிருக்கவில்லை. நிலமிழந்தவர்களுக்கு அத்தகைய பாகுபாடு ஓர் ஆடம்பரம்.

இதனைப் பொற்காலமெனக் கருதிவிடலாகாது. கூடையின் விலையை நிர்ணயித்தவர்கள் அதனை முடைந்தவர்களல்லர். 1930 தொடக்கம் 1967 வரை நோவா ஸ்கோஷியாவின் ஷுபெனாக்கடி என்னும் இடத்தில் இயங்கிய வதிவிடப் பாடசாலையில் மிக்மாக் சிறுவர் சிறுமியர் தம் தாய்மொழியைப் பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிறுமியர் சமையலுக்கும் தையலுக்கும் சலவைக்கும் பழக்கப்பட்டனர். பிறர் வீட்டுப் பணிப்பெண்ணாவதற்கான ‘தொழிற்பயிற்சி’ அது. பண்பாட்டை அழித்துத் தொழிலைக் கற்பிக்கும் இம்முறையையும், பண்பாட்டைத் தமக்கு வைத்துக்கொண்டு தொழிலைப் பிறருக்குக் கற்பிக்கும் எமது முறையையும் ஒன்றெனக் கூறோம். கொடுமையில் அவை ஒப்பிடத்தக்கனவல்ல. எனினும், ஏழைப் பெண்ணுக்கு உரியது ஊசியும் நூலுமே என்னும் கருத்துநிலை இரண்டிலும் தொழிற்படுகிறது. 1970களில் நோவா ஸ்கோஷியாவின் பூர்வீகக் குடிப் பெண்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தபொழுது, மொழியும் கைவினையும் வேலைவாய்ப்பும் சட்டவுரிமையும் ஒருங்கே பேசப்பட்டமைக்கு இவ்வனுபவமே காரணம் எனலாம். சட்டவுரிமை பற்றிப் பின்னர் பேசுவோம்.

1930களின் வெள்ளவத்தைக்கு மீள்வோம். அப்பத்தாண்டின் தொடக்கத்தில் சைவ மங்கையர் கழகம் அங்கு பணியைத் தொடங்கிச் சைவ மங்கையர் வித்தியாலயத்தை உருவாக்கியது. மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகத் தமிழ்ச் சிறுமியருக்குத் தமிழ்மொழிமூலமும் சைவச்சூழலிலும் கல்வியளிக்க முயன்ற பெண்களின் அமைப்பு அது. ஆண்களின் தயவை எதிர்பாராது பெண்களே ஒரு பாடசாலையை நிருவகித்துக் காட்டியமை சாதாரணமான செயலன்று. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1932 இல் நடந்த இடைத்தேர்தலிற் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குச் சென்று, 1941 இல் மறையும்வரை அங்கத்தவராக இருந்தார். தமிழ் மத்தியதர வர்க்கப் பெண் பொதுவாழ்வில் நுழைந்த காலம் அது.

அதே காலத்தில், அதே வெள்ளவத்தையில், நாட்டின் மிகப்பெரிய நெசவாலையும் இயங்கியது. அதன் தொழிலாளருட் பெரும்பாலோர் மலையாளிகளும் தமிழரும். 1933 பெப்ரவரியில் அங்கு வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னர் தொழிலாளர் தலைவராக மதிக்கப்பட்ட ஏ. ஈ. குணசிங்க இனவாதப் பாதையில் திரும்பி வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளம் இடதுசாரிகள் தொழிலாளர் பக்கம் நின்றனர். புதிய தொழிற்சங்கத்துக்கு கொல்வின் ஆர். டி சில்வா தலைவரானார். இரண்டாண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு இப்போராட்டம் ஒரு தூண்டுகோலாயிற்று. நெசவாலைக்கும் மகளிர் கழகத்துக்கும் இடையில் நடந்தே கடக்கத்தக்க தூரம். ஆயினும் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் மற்றொன்றைக் குறிப்பிடுவதில்லை. கழகத்தார் கற்பிக்க விரும்பிய கைத்தொழிலை, சம்பளத்துக்கும் வேலைநேரத்துக்குமாகப் போராடியபடி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்கள் அயலிலேயே இருந்தனர். நெசவாலை நின்ற காணியில் இப்பொழுது ஹவ்லொக் சிற்றி எனும் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்து நிற்கிறது.

இவ்வர்க்க எல்லையைக் கடந்து சிந்தித்தவர்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. டொனமூர் ஆணைக்குழு முன் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினரிடம், தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே எனச் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்காது விடையிறுத்தார். இதே வேளையில், 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து நின்றார். பெண்கல்வியை ஆதரிப்போர் யாவரும் பெண்ணுரிமையை ஆதரிப்பவர் எனக் கருதிவிடுதல் எத்துணைத் தவறு என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

மலையகத்திலோ, பண்பாடும் தொழிலும் பிரியாத வேறொரு மாதிரி உருவாகிக்கொண்டிருந்தது. கோ. நடேசையருடன் இணைந்து தோட்டத் தொழிலாளரிடையே இயங்கிய மீனாட்சியம்மாள், கூட்டங்களில் தாமே பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் அமைந்த அப்பாடல்கள் சிறு பிரசுரமாகவும் வெளிவந்தன. ‘தேசபக்தன்’ பத்திரிகையிற் பெண்கள் நிலைபற்றியும் அவர் எழுதினார். கொழும்புச் சங்கங்களுக்குக் கலை ஓய்வுநேரத்தை நிரப்பியது. மீனாட்சியம்மாளுக்கு அது சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கான மொழியாயிற்று. இலங்கைத் தமிழ்ப் பெண்கள் இயக்க வரலாற்றில் அவருக்குரிய இடம் மிகப் பிந்தியே வழங்கப்பட்டது. எமது பஸ் பயணத்திற் சந்தித்த பெண்ணின் பாட்டியார் அம்மரபின் பெயரறியாத வாரிசாக இருக்கலாம்.

மேரி ரட்ணத்தின் மிகப்பெரிய ஆக்கமாகிய லங்கா மகிலா சமிதி 1930களின் தொடக்கத்தில் எழுந்தது. 1897 இல் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்ரோனி கிறீக் என்னுமிடத்தில் தோன்றிய கிராமப்புற மாதர் நிறுவனமே அதற்கு முன்மாதிரி. சுகாதாரம், போசாக்கு, வீட்டுத்தோட்டம், தையல், நெசவு ஆகியன கிராமப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கா பொதுவாழ்வுப் பயிற்சி பெற்றதும் இவ்வமைப்பிலேதான். தாய்சேய் நலனைப் பொறுத்தவரை இதன் பயனை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் முன்மாதிரியின் வர்க்க அடிப்படை கவனிக்கத்தக்கது. ஒன்ராறியோவின் மாதர் நிறுவனம், சொந்தமாகப் பண்ணைநிலம் கொண்ட குடும்பங்களின் பெண்களுக்கு ஏற்பட்டது. அவர்களுக்குத் தையலும் பழப்பாகும் குடும்ப வருவாயைச் சிக்கனப்படுத்தும் வழிகள். நிலமற்ற பெண்ணிடம் அதே பாடத்திட்டம் சென்றபொழுது அது பிழைப்புக்கான வழியாக மாற வேண்டியிருந்தது; அவ்வாறு மாறுவதற்குத் தேவையான மூலதனமோ சந்தையோ அவளிடம் இருக்கவில்லை.

தையல் இயந்திரம் இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இலங்கையிற் காலூன்றியது. தவணைக் கட்டணத்தில் இயந்திரத்தை விற்கும் முறை அதனை நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. சீதனப் பட்டியலிலும் அது இடம்பெறலாயிற்று. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் உள்நாட்டு உற்பத்தி ஊக்குவிக்கப்பட்டபொழுது இரத்மலானையிலே அவ்வியந்திரங்களை உருவாக்கும் தொழிற்சாலையும் எழுந்தது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், 1978 இற் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும் நிலைமையைத் தலைகீழாக்கின. இரத்மலானை, மொறட்டுவைப் பகுதிகளிலும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. வீட்டில் தைத்து அக்கம்பக்கத்தாரிடம் கூலி பெறும் பெண்ணை உருவாக்குவதாக எண்ணிய தையல் வகுப்புகள், தாம் அறியாமலே, ஏற்றுமதி ஆடை ஆலைகளுக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் படிக்கட்டாயின. ஆலையில் அவள் முழுச்சட்டையைத் தைப்பதில்லை. நாள் முழுவதும் கழுத்துப்பட்டியை மாத்திரமே தைக்கிறாள், அல்லது பொத்தானை மாத்திரமே. கற்ற கைவினையும் அங்கே துண்டாகிவிடுகிறது. வகுப்பில் அவளுக்குக் கற்பிக்கப்படாதது ஒன்றுண்டு: ஊதியச் சீட்டை வாசித்தல். ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிக்கப்பட்டது, மேலதிக நேரம் சரியாகக் கணக்கிடப்பட்டதா என்பனவற்றை அறிவதும் ஒரு தொழிற்றிறனே என்று நாம் கருதுகிறோம்.

பங்கீடு நெகிழ்ந்தது சங்கங்களின் மனமாற்றத்தால் அன்று; இடப்பெயர்வால். 1983 யூலை வன்செயலின்போது கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமான நிலையத்தின் விமானக் கொட்டகை அகதி முகாமாயிற்று. வெள்ளவத்தையின் சொந்த வீட்டுக்காரரும் கொட்டாஞ்சேனையின் கூலித் தொழிலாளியும் ஒரே சீமெந்துத் தரையிற் படுத்தனர். அச்சமத்துவம் சில வாரங்களே நீடித்தது. வசதியுள்ளோர் வெளிநாடு சென்றனர். ஏனையோர் கப்பலேறி வடக்கே சென்றனர், அல்லது எரிந்த வீட்டுக்கே திரும்பினர். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபொழுது, கிழக்கு மாகாணத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். இம்முறை நகரத்து மத்தியதர வர்க்கத்தினர் முகாமுக்கு உள்ளே இருக்கவில்லை. கணவரையும் புதல்வரையும் இழந்த உழவர், மீனவர் குடும்பப் பெண்களே அங்கு இருந்தனர்.

அம்முகாம்களிற் பணியாற்றிய பெண்ணிலைவாதச் செயற்பாட்டாளரும் இடம்பெயர்ந்த பெண்களும் இணைந்து 1991 இல் உருவாக்கியதே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். 1993 இல் முகாமிலிருந்தோர் மட்டக்களப்புக்குத் திரும்பியபொழுது நிலையமும் அவர்களுடன் சென்று அங்கேயே நிலைகொண்டது. கொழும்பிற் பிறந்த தமிழ்ப் பெண்கள் அமைப்பொன்று கொழும்பை விட்டுத் தன் மக்களைப் பின்தொடர்ந்து சென்றமை, எமது அறிவுக்கு எட்டியவரை, வேறெங்கும் காணக்கிடைக்காதது. முன்னைய சங்கங்கள் யாவும் கிராமத்துக்குச் சென்று நகரத்துக்குத் திரும்பின. சூரியாவின் வேலைகளை அடுக்கிப் பார்த்தால் பழைய மூன்று சொற்களும் தென்படும்: வாழ்வாதாரம், பண்பாடு, முன்னேற்றம். ஆயின் அவற்றின் உறவு வேறு. வன்முறைக்குள்ளான பெண்ணுக்குச் சட்ட உதவி வழங்கும் அதே அமைப்பின் கலாசாரக் குழு, அப்பெண்களின் அனுபவத்தையே பாடலாகவும் வீதி நாடகமாகவும் ஊர்களுக்குக் கொண்டுசென்றது. மட்டக்களப்புக் கிராமியப் பாடல் மெட்டுகள் பயன்பட்டன. நடித்தவர்கள் ஊர்ப் பெண்களே. ‘பெண்’ என்னும் சஞ்சிகையும் அங்கிருந்து வெளிவந்தது. 1986 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுதியை வெளியிட்டதன்மூலம் தொடக்கிவைத்த ஒரு போக்கின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். அத்தொகுதி பெரிதும் கற்றோரின் குரல். மட்டக்களப்பில் எழுத்தறிவு குறைந்தோரின் குரலும் சேர்ந்தது.

இத்தகைய அமைப்புகளையும் விமர்சனமின்றி ஏற்பதற்கில்லை. வெளிநாட்டு நிதியில் தங்கியிருக்கும் அமைப்பு, நிதி வழங்குவோரின் சொற்களைப் பேசவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறது. 2009 இன் பின் ‘வாழ்வாதாரம்’ என்னும் சொல்லே நுண்கடனின் மறுபெயராகிவிட்டது. கோழி வளர்க்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் கொடுக்கப்பட்ட கடன்கள், வாராந்தம் வட்டி தேடி அலையும் பெண்களை உருவாக்கின. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. பயிற்சியும் கடனும் கொடுத்துவிட்டால் பெண் முன்னேறிவிடுவாள் என்னும் வாதத்தின் பெறுபேறு இது.

அவ்வாதம் மறைப்பது உடைமையை. முன்னர் ஒத்திவைத்த சட்டவுரிமை பற்றிய விடயத்துக்கு இவ்விடத்தில் வருகிறோம். கனடாவின் 1876 ஆம் ஆண்டு இந்தியர் சட்டத்தின்கீழ், பூர்வீகக் குடிப் பெண்ணொருத்தி வெளியாரை மணந்தால் தன் சட்ட அந்தஸ்தையும், ஒதுக்கக் குடியிருப்பில் வாழும் உரிமையையும் இழந்தாள். ஆணுக்கு அவ்விழப்பு இல்லை. மிக்மாக் மக்களின் அயல் இனத்தவராகிய மலிசீற் பெண்மணி சான்ட்ரா லவ்லேஸ் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1981 இல் அவருக்குச் சார்பான முடிவு கிடைத்தது. 1985 இல் சட்டம் திருத்தப்பட்டது. வீடில்லாதவளுக்குக் கூடை முடையக் கற்பிப்பதன் பொருளின்மையை அப்பெண்கள் நன்குணர்ந்திருந்தனர். எமது நாட்டில் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழியாகவே பிள்ளைக்குக் குடியுரிமையை வழங்கியது; தாய் வழியாகவும் அது கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்விரு சட்டங்களையும் ஒப்பிட்ட எழுத்து எதனையும் கொழும்புச் சங்கங்களின் மலர்களில் நாம் கண்டதில்லை. இசைவிழா நிகழ்ச்சிநிரல்கள் ஏராளம்.

உடைமை பற்றிய பிரச்சினை கிழக்கிற் கூர்மையாக வெளிப்பட்டது. மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு மகளுக்கே போகும். மணமகன் மனைவி வீட்டில் வந்து வாழ்வான். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வீடுகளை அள்ளிச்சென்ற பின், புதிய வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரிற் பதியப்பட்டன. குடும்பத் தலைவரெனப்பட்டவர் கணவர். வழிவழியாகப் பெண்ணிடம் இருந்த உடைமை, நிவாரணப் படிவத்தின் ஒரு கட்டத்தில் ஆணுக்குக் கைமாறியது. பண்பாட்டைப் பேணுதல் என்பது எதனைக் குறிக்கும் என்னும் வினா இங்கே முற்றிலும் பொருள்முதல்வாத வடிவத்தில் எழுகிறது. இணை உரித்து வேண்டுமெனக் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் குரலெழுப்பின. அரச காணி பெற்றோரின் வழியுரிமையில் மூத்த ஆணுக்கு முதலிடம் கொடுத்த 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இலேயே திருத்தப்பட்டது.

கொழும்புக்கு இவ்வினா அந்நியமானதன்று. ஒல்லாந்தர் 1707 இற் தொகுப்பித்த தேசவழமை, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்துடன் சேர்ந்து, யாழ்ப்பாணத் தமிழரை அவர்களது சொத்து எங்கிருப்பினும் பின்தொடர்கிறது. அச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனமாக வந்த காணியையோ தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டையோ கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பெறவேண்டும். அன்றேல் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். தமிழ் மாதர் சங்கம் தோன்றி இரண்டாண்டுகளில் ஆக்கப்பட்ட சட்டம் இது. கணவனுக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளுட் பல, ஆசிரியைகளும் மருத்துவர்களும் வங்கி உத்தியோகத்தர்களுமான தமிழ்ப் பெண்களின் உழைப்பால் வாங்கப்பட்டவை. அவற்றின் உறுதிகளை எழுதும் நொத்தாரிசு, விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மனைவியெனில், கையொப்பத்துக்காக முதலிற் கணவனையே தேடுகிறார்.